மறவாமை கற்பித்த மணிவணிகர்: ஸ்ரீமத் இராஜசந்திரர்

இல்லறத்தில் வாழ்வோர் நாள்தோறும் நினைவில் கொள்ள வேண்டியவை ஒன்றிரண்டல்ல. விதைப்புக்குரிய நாள், கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், உறவினர் வீட்டுத் திருமணம், மருந்து உண்ணும் வேளை என அவை நீண்டுகொண்டே போகும். இவற்றுள் எதையேனும் மறந்தால் இழப்பு உடனே தெரிந்துவிடும். ஆகவே மறவாதிருக்க முயல்கிறோம். காலையில் ஜினாலயத்தில் நின்றபோது உள்ளத்தில் எழுந்த நல்லெண்ணம் நண்பகலில் கடைவீதியில் எங்கே போயிற்று என்று மட்டும் நாம் தேடுவதில்லை. அந்த இழப்பு உடனே கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதே காரணம்.

நம் பெரியோர் இத்தகைய மறதிக்குப் பிரமாதம் என்று பெயரிட்டனர். இக்காலப் பேச்சுவழக்கில் இச்சொல் பாராட்டுச் சொல்லாகிவிட்டது. அறநூல் வழக்கிலோ அது விழிப்பின்மையைக் குறிக்கும். வினைக்கட்டுக்குரிய ஐந்து காரணங்களுள் ஒன்றாகத் தத்துவார்த்த சூத்திரம் இதனை வைத்து எண்ணுகிறது. வள்ளுவப் பெருந்தகையும் பொச்சாவாமை என்னும் 54ஆம் அதிகாரத்தை இதற்கெனவே வகுத்தருளினார்.

நினைவாற்றலில் தம் காலத்தில் ஒப்பாரில்லாதவர் எனப் போற்றப்பட்ட ஒருவர், அவ்வாற்றலைக் காட்டிப் புகழ் ஈட்டும் அரங்கைத் துறந்து, மறக்கலாகாத ஒன்றை மட்டும் இடையறாது நினைந்திருக்க முயன்றார். அவர் மும்பையில் முத்தும் வைரமும் விற்ற வணிகர். மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். 33 வயதிலேயே மறைந்தவர். காந்தியடிகளின் உள்ளத்தில் நீங்கா இடம் பெற்ற ஸ்ரீமத் இராஜசந்திரரே அவர். அவருடைய வரலாற்றை இவ்விதழில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

வவாணியாவின் சிறுவர்

இன்றைய குசராத்து மாநிலத்தில், சௌராட்டிரப் பகுதியில், மோர்பி நகரை அடுத்துள்ள சிற்றூர் வவாணியா. அங்கு 1867ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கார்த்திகைப் பௌர்ணமியன்று, இரவ்ஜிபாய் மேத்தா, தேவ்பாய் ஆகியோரின் மகனாக இவர் பிறந்தார். முதலில் இட்ட பெயர் இலட்சுமிநந்தன். நான்காம் வயதில் அது இராய்சந்த் என மாற்றப்பட்டது. இராஜசந்திரர் என்பது பின்னர் வழங்கிய பெயர்.

பாட்டனார் கண்ணனை வழிபட்டவர்; தாயார் சமணக் குடியில் பிறந்தவர். இளமையில் பாட்டனாரின் பக்தியே இராய்சந்தைக் கவர்ந்திருந்தது. பின்னர்ப் பிரதிக்கிரமண நூல்கள் அவர் கைக்குக் கிட்டின. எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டி நிற்கும் அவற்றின் பணிவு அவர் மனத்தை ஈர்த்தது. பிரதிக்கிரமணம் என்பதே நடந்து முடிந்த பொழுதை நினைவுக்குக் கொணர்ந்து, செய்த பிழைகளை எண்ணி, அவற்றினின்றும் மீள்வது தானே. மறவாமையின் முதற்பாடத்தை அச்சிறுவர் அங்கேயே கற்றார் எனலாம்.

அவருடைய ஏழாம் வயதில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. அவரிடம் அன்பு பாராட்டி வந்த அமீசந்த் என்பவர் பாம்பு தீண்டி இறந்தார். இறப்பு என்றால் என்ன என்று வீட்டில் கேட்ட சிறுவர்க்கு, பெரியோர் தெளிவாக விடை கூறாது பேச்சை மாற்றினர். அவர் யாருமறியாமல் சென்று, குளக்கரையில் நின்ற கருவேல மரத்தின்மீது ஏறிச் சுடலையைப் பார்த்தார். நேற்றுவரை அன்புடன் பழகிய ஒருவரை அவருடைய சுற்றத்தாரே தீயிட்டு எரிப்பதைக் கண்டார். உடம்பு அங்கே கிடக்க, அதிலிருந்து நீங்கியது எது என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவின் ஆழத்தில் பழம்பிறப்புணர்வு தோன்றிற்று என்றும், பின்னர் ஜூனாகட் கோட்டையைக் கண்டபோது அது மேலும் வளர்ந்தது என்றும் அவர் வரலாறு கூறும். ஜாதிஸ்மரணம் என நம் நூல்கள் சொல்வது இதுவே.

அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததை அளந்தறியும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால் சுடலையருகே எழுந்த அந்த வினாவை அவர் இறுதிவரை மறக்கவில்லை என்பதற்கு அவருடைய எழுத்துகள் அனைத்தும் சான்றாக நிற்கின்றன. நாமும் சுடுகாடு வரை சென்று திரும்புகிறோம். அங்கே நிற்கும்போது நிலையாமை நமக்கும் விளங்குகிறது. நீராடி வீடு திரும்புவதற்குள் பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கிவிடுகிறது.

பள்ளியில் ஏழாண்டுகளில் கற்க வேண்டியவற்றை இரண்டே ஆண்டுகளில் கற்று முடித்தார் என்பர். ஒருமுறை கேட்டதோ படித்ததோ அவர் நெஞ்சில் பதிந்துவிடும். எட்டாம் வயதிலேயே செய்யுள் இயற்றத் தொடங்கினார். 13ஆம் வயதளவில் தந்தையாரின் கடையில் அமர்ந்தார். அங்கே எவர்க்கும் எடையைக் குறைத்தோ விலையைக் கூட்டியோ கொடுத்ததில்லை எனப் பிற்காலத்தில் தம் இளமையைப் பற்றி எழுதிய குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

நூறு செயல்களில் ஒரு மனம்

ஒரே வேளையில் பலவற்றில் கருத்தைச் செலுத்தி, எதனையும் தவறவிடாமல் முடித்துக் காட்டும் கலையை அவதானம் என்பர். தமிழில் இது கவனகம் எனப்படும். 1907ஆம் ஆண்டில் சென்னையில் நூறு கவனகம் நிகழ்த்திய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் பெயரைத் தமிழுலகம் நன்கறியும்.

இராய்சந்த் 16ஆம் வயதளவில் மோர்பியில் சாத்திரி சங்கர்லால் என்பவர் எட்டு அவதானங்கள் செய்து காட்டியதைக் கண்டார். கண்ட அளவிலேயே அதன் நுட்பம் அவர்க்குப் பிடிபட்டது. விரைவில் தாமே 12 அவதானங்களைச் செய்து காட்டினார். அது 16 ஆயிற்று. போட்டாத் என்னும் ஊரில் 52 ஆயிற்று. சதுரங்கம் ஆடுதல், சீட்டாடுதல், ஒலிக்கும் மணியோசையை எண்ணுதல், கணக்குகளுக்கு விடை காணுதல், கொடுத்த பொருளில் செய்யுள் இயற்றுதல், தாம் அறியாத மொழிகளின் சொற்களை முறைமாற்றிச் சொல்லக் கேட்டு முறைப்படுத்தி ஒப்புவித்தல் முதலியன அவற்றுள் அடங்கும்.

1887ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் மும்பையில் பிராம்ஜி காவஸ்ஜி மன்றத்தில் அவர் நூறு அவதானங்களைச் செய்து காட்டினார். அப்போது அவர்க்கு வயது 19. அறிஞர் அவை வியந்தது, நாளிதழ்கள் எழுதின, பொற்பதக்கம் வழங்கப்பட்டது, கலைமகளே நேரில் வந்ததாகப் பொருள்படும் பட்டமும் கிடைத்தது. மும்பை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சர் சார்லஸ் சார்ஜண்ட், ஐரோப்பாவுக்குச் சென்று இவ்வாற்றலைக் காட்டுமாறு அவரை அழைத்தார் எனவும், அவ்வழைப்பை அவர் ஏற்கவில்லை எனவும் கூறுவர்.

விடுத்த புகழ்

அடுத்து நடந்ததே நம் கருத்துக்குரியது. ஏறத்தாழ 20ஆம் வயதில் அவர் அவதானம் செய்து காட்டுவதை அறவே நிறுத்திவிட்டார். ஆற்றல் குன்றியதால் நிறுத்தியவர் அல்லர். ஒவ்வோர் அரங்கிலும் கேட்ட கைதட்டல், தாம் தேடிய பொருளிலிருந்து தம்மை விலக்கி வெளியே இழுத்தது என்பதை உணர்ந்து நிறுத்தினார். நூற்றினை நினைவில் தாங்கும் மனம் அந்த நூற்றையும் அறிகின்ற தன்னை மறந்திருந்தால், அதனால் ஆவது என்ன என்பதே அவர் தமக்குள் எழுப்பிய வினா.

இதன் அருமையை நாம் எளிதாகக் கருதலாகாது. கிராமத்துக் கடையில் இருந்த இளைஞர்க்குப் பெருநகரின் மேடை கிடைத்திருந்தது. கடல் கடந்த புகழும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. இல்லாததைத் துறப்பது எளிது. நிறைந்த அவையின் வியப்பைத் துறப்பது அரிது. அவர் தம் நினைவாற்றலை அழித்துவிடவில்லை. அதற்குரிய வேலையை மாற்றிக் கொடுத்தார்.

நாளுக்கு ஒரு மாலை

அவ்வேலைக்கான ஆயத்தம் இளமையிலேயே தொடங்கியிருந்தது. 16 வயது நிறைவதற்குள் புட்பமாலை என்னும் சிறு நூலை அவர் எழுதினார். செபமாலையின் மணிகளைப் போல 108 சிறு மொழிகள் கொண்டது அது. காலையில் எழுந்தவுடன் எண்ணிப் பார்ப்பதற்கென அமைந்தது. அரசர், வழக்கறிஞர், செல்வர், வணிகர், உழவர் என அவரவர் தொழிலைச் சுட்டி, அத்தொழிலிலேயே மறக்கலாகாத அறம் எது என்று நினைவூட்டிச் செல்வது அதன் சிறப்பு.

ஒரு நாளைப் பகுத்துக்கொள்ளும் முறையும் அதில் காணப்படுகிறது. நாள் ஒன்றுக்குச் சாமம் எட்டு. அவற்றுள் வழிபாட்டுக்கு ஒன்று, அறக்கடமைக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, உறக்கத்துக்கு இரண்டு, உலகியல் வேலைகளுக்கு இரண்டு என அவர் வகுத்தார். சாமம் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் என்றால், பொருளீட்டலுக்கு ஆறு மணி நேரமே கிடைக்கிறது. இக்காலத்தில் இப்பகுப்பை அப்படியே பின்பற்றுவது பலர்க்கும் இயலாது. எனினும் நம் நாளை எட்டாகப் பிரித்து எந்தப் பங்கு எதற்குப் போகிறது என ஒருமுறை எழுதிப் பார்த்தால், எதை மறந்து வாழ்கிறோம் என்பது விளங்கிவிடும்.

அடுத்து வந்தது மோட்சமாலை. 16 ஆண்டு 5 மாத வயதில், மூன்றே நாட்களில், 108 பாடங்களாக அதனை எழுதினார் என்பர். சமண நெறியை இளைஞர்க்கும் விளங்குமாறு எளிய நடையில் சொல்வது அந்நூல். அதில் பிரமாதத்தைப் பற்றித் தனியே ஒரு பாடம் உண்டு. பஞ்ச நமஸ்காரம், சாமாயிகம், பிரதிக்கிரமணம் ஆகியவற்றுக்கும் பாடங்கள் உண்டு. அந்நூல் அச்சேறக் காலம் தாழ்ந்தபோது, காத்திருந்தோர்க்கென நிலையாமை முதலான பன்னிரு சிந்தனைகளை விளக்கும் பாவனாபோதம் என்னும் நூலையும் எழுதியளித்தார்.

மோட்சமாலையில் வரும் அனானுபூர்வி பற்றிய விளக்கம் நம் இல்லங்களுக்கு மிகவும் பயன்தரும். அருகர், சித்தர், ஆசாரியர், உபாத்தியாயர், சாதுக்கள் ஆகிய ஐவர்க்கும் 1 முதல் 5 வரை எண் கொடுத்து, அவ்வெண்களை வரிசை மாற்றி மாற்றி அட்டவணையாக எழுதிக்கொள்வர். 3, 1, 2, 4, 5 என்று இருந்தால் முதலில் ஆசாரியரையும் அடுத்து அருகரையும் பின்னர்ச் சித்தரையும் வணங்கிச் செல்ல வேண்டும். ஐந்து எண்களை 120 வகையாக வரிசைப்படுத்தலாம். நேர் வரிசையில் சொல்லும்போது நாக்கு தன் பழக்கத்தால் சொல்லிக்கொண்டிருக்க, மனம் வேறிடம் சென்றுவிடும். வரிசை மாறும்போது மனம் விலக இயலாது. தந்தையும் மகனும் உரையாடுவதாக இதனை அமைத்துள்ளார். நூறு அவதானம் செய்த அறிஞர், வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்கும் மனம் ஓடாதிருக்க வழி சொன்னதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

கடைமேசைமேல் ஒரு நூல்

20 வயதளவில் ஜபக்பாய் அம்மையாரை மணந்தார். மக்கள் நால்வர் பிறந்தனர். மனைவி வழி உறவினரான இரேவாசங்கர் ஜகஜீவனுடன் கூட்டுச் சேர்ந்து மும்பையில் நவமணி வணிகம் நடத்தினார். காந்தியடிகள் பிற்காலத்தில் மும்பையில் தங்கிய மணிபவனம் இந்த இரேவாசங்கரின் இல்லமே.

வணிகம் சிறியதன்று, இலட்சக்கணக்கில் நடந்தது. முத்தையும் வைரத்தையும் மதிப்பிடுவதில் அவர் வல்லுநர். அருகிருந்து கண்ட காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் ஒரு செய்தியைத் தெரிவிக்கிறார். இராய்சந்தின் மேசையில் எப்போதும் ஓர் அறநூலும் நாட்குறிப்பும் இருக்கும். பெரும் வணிகப் பேச்சு முடிந்த மறுகணமே அவர் நூலைத் திறப்பார். அல்லது தம் உள்ளத்து எண்ணங்களைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்குவார். வந்தவர் போனபின் ஆதாயத்தை எண்ணி மகிழ்வதற்கும் இழப்பை எண்ணி வருந்துவதற்கும் இடைவெளியே இராது.

அறம் கோயிலுக்கும் நோன்பு நாளுக்கும் மட்டும் உரியது, கடைக்கு உரியதன்று என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை என்பதையும் காந்தியடிகள் எழுதியுள்ளார். இதனை விளக்க அன்பர்கள் வழிவழியாகச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. குறித்த விலைக்கு மணிகளைத் தருவதாக ஒரு வணிகர் இவரிடம் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்திருந்தார். அதற்குள் சந்தை விலை பெருமளவு ஏறிவிட்டது. ஒப்பந்தப்படி கொடுத்தால் அவ்வணிகர் குடும்பமே நிலைகுலையும். இராஜசந்திரர் தாமே அவரைத் தேடிச் சென்று, ஒப்பந்தத் தாளை வாங்கி அவர் கண்முன் கிழித்தெறிந்தார் என்பர். காலையில் எண்ணிய கருணை பிற்பகல் வணிகத்திலும் மறவாதிருந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

காந்தியடிகளின் வினாக்கள்

1891ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்திலிருந்து வழக்கறிஞராகத் திரும்பிய காந்தியடிகள் மும்பையில் கரையிறங்கினார். தாயார் மறைந்த செய்தி அப்போதுதான் அவர்க்குச் சொல்லப்பட்டது. அத்துயரோடு டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில் தங்கிய அன்றே இராய்சந்தைச் சந்தித்தார். காந்தியடிகளுக்கு வயது 21, இராய்சந்துக்கு 23. தாம் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் காந்தியடிகள் சொல்லி முடிக்க, சொன்ன வரிசை மாறாமல் அவர் திருப்பிச் சொன்னார். காந்தியடிகள் வியந்தார், ஆயினும் அந்த ஆற்றலுக்கு மயங்கிவிடவில்லை. அவருடைய பரந்த நூலறிவும், மாசற்ற ஒழுக்கமும், ஆன்மாவை அறிய வேண்டும் என்னும் தணியாத வேட்கையுமே தம்மைப் பிணித்தன என எழுதினார்.

தென்னாப்பிரிக்காவில் பிற சமய நண்பர்கள் தம் சமயங்களின்பால் அழைத்தபோது காந்தியடிகளின் உள்ளத்தில் ஐயங்கள் எழுந்தன. 1894ஆம் ஆண்டில் 27 வினாக்களை எழுதி இராய்சந்துக்கு அனுப்பினார். ஆன்மா என்பது என்ன, இறைவன் என்பவர் யார், வீடுபேறு எத்தகையது என்பன போன்ற வினாக்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் பொறுமையோடு விடை வந்தது. மனம் அமைதியுற்றது. டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோருடன் தம் வாழ்வில் ஆழப் பதிந்தவராக இராய்சந்தைக் காந்தியடிகள் எண்ணியது பலரும் அறிந்ததே.

அவ்வினாக்களில் இறுதியானது பாம்பு பற்றியது. தீண்ட வரும் பாம்பைத் தீண்ட விடுவதா, கொல்வதா என்று காந்தியடிகள் கேட்டிருந்தார். உடம்பு நிலையற்றது என்று உணர்ந்தவர்க்கு, அதனைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்லும் எண்ணம் எவ்வாறு பொருந்தும் என்னும் கருத்தில் விடை அமைந்தது. அந்நிலையை எய்தாதவர்க்கு இதனைக் கட்டளையாகச் சொல்லவும் அவர் தயங்கினார். பாம்பு தீண்டி மாண்ட அன்பரின் சிதையை ஏழு வயதில் கண்டவர் எழுதிய விடை இது என்பதை எண்ணும்போது அதன் ஆழம் நமக்கு மேலும் விளங்கும்.

முதிய அன்பருக்காக ஒரு நூல்

இலல்லுஜி முனிவர் என்பவர் துறவு பூண்டவராக இருந்தும் இல்லறத்தாராகிய இராஜசந்திரரை ஆசானாகக் கொண்டார். அக்காலத்தில் இது பலர்க்கு மனவேறுபாட்டைத் தந்தது. அவர்க்கு 1894ஆம் ஆண்டில் இராஜசந்திரர் எழுதிய மடல் ஒன்று ஆறு உண்மைகளை விளக்குவது. உயிர் உண்டு, அது அழிவற்றது, வினை செய்வது அதுவே, வினைப்பயன் நுகர்வதும் அதுவே, வீடு உண்டு, வீடு அடையும் வழியும் உண்டு என்பன அவ்வாறு உண்மைகள்.

சாயலா என்னும் ஊரைச் சேர்ந்த சோபாக்பாய் வயதில் பலவாண்டு மூத்தவர்; இராஜசந்திரரிடம் பேரன்பு கொண்டவர். அம்மடலை நாள்தோறும் ஓத விரும்பினார். உரைநடையாதலால் முதுமையில் அது நெஞ்சில் நிற்கவில்லை. செய்யுளாக இருந்தால் தம்மைப் போன்றோர் மனப்பாடம் செய்ய எளிதாகுமே என்று வேண்டிக்கொண்டார். மறதியுற்ற ஒரு முதியவரின் இவ்வேண்டுகோளே ஆத்மசித்தி என்னும் பெருநூலுக்குக் காரணமாயிற்று.

1896ஆம் ஆண்டு மழைக்காலம் கழிந்த பருவத்தில், நடியாத் நகரில், ஒரு மாலைப்பொழுதில் இராஜசந்திரர் எழுத அமர்ந்தார். அம்பாலால் என்னும் அன்பர் அருகில் விளக்கேந்தி நின்றார். எழுந்திராமல் ஒரே அமர்வில், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே, 142 பாக்கள் நிறைவெய்தின என்பர். மாணவர் ஒவ்வோர் உண்மையைப் பற்றியும் ஐயத்தை எழுப்ப, ஆசான் விடை பகர்வதாக அமைந்தது அந்நூல். நான்கு படிகள் எடுக்கப்பட்டு நால்வர்க்கு மட்டும் கொடுக்கப்பட்டன. சோபாக்பாய் அடுத்த ஆண்டே மறைந்தார். இறுதி நாட்களில் அப்பாக்களே அவருக்குத் துணையாயின.

ஒருமுறை கேட்டால் மறவாத ஒருவர், மறந்துபோகும் முதியவரை இகழவில்லை. அவர் நெஞ்சில் நிற்கும்படியாகச் சொல்லை எளிமையாக்கிக் கொடுத்தார். நம் வீடுகளில் முதியோர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கும்போது சலித்துக்கொள்ளும் இளையோர்க்கு இது நல்ல பாடமாகும்.

சுமையும் ஏக்கமும்

இவ்வளவும் இராஜசந்திரர்க்கு எளிதாக நடந்தன என்று எண்ணிவிடலாகாது. வணிகச் சுமை தம்மை அழுத்துவதைப் பற்றி அவர் மடல்களில் பலவிடத்தும் எழுதியுள்ளார். முற்றுந்துறந்த முனிவராக வேண்டும் என்னும் ஏக்கம் அவரை விடவில்லை. அந்நாள் எப்போது வாய்க்கும் என்னும் ஏக்கமே அபூர்வ அவசரம் என்னும் பாடலாயிற்று. காந்தியடிகளின் ஆசிரமத்தில் அது பாடப்பட்டு வந்தது. கடமைகள் ஒருபுறமும் துறவு வேட்கை மறுபுறமுமாக நின்ற நிலையில் அவர் எதனையும் பாதியில் எறிந்துவிட்டு ஓடவில்லை. கூட்டு வணிகத்தின் பொறுப்புகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். மும்பையை விட்டு நீங்கி, மாதக்கணக்கில் தனிமையில் தங்கினார்.

ஈடர் மலைப்பகுதியில் முனிவர் எழுவர்க்கு நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி அருளிய திரவிய சங்கிரகத்தை ஓதி விளக்கினார். குந்தகுந்த ஆசாரியரின் பஞ்சாஸ்திகாயத்தைக் குசராத்தி மொழியில் பெயர்த்தார். பிரிவு வேற்றுமை பாராமல் அருநூல்கள் அச்சேற வேண்டும் என விரும்பி, 1900ஆம் ஆண்டளவில் பரமசுருதப் பிரபாவக மண்டலம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ஒருவர் நெஞ்சில் இருப்பது அவரோடு மறையும். அச்சில் ஏறியது தலைமுறைகளின் நினைவாக நிற்கும். அவ்வமைப்பின் நூல் வரிசையில் பின்னாளில் திகம்பர ஆசாரியர்களின் பெருநூல்கள் பல வெளிவந்தன.

உடலோ நலிந்துகொண்டே வந்தது. அக்காலத்தில் எடுக்கப்பட்ட நிழற்படங்களில் எலும்பும் தோலுமான உருவத்தையும், அதில் கலங்காத கண்களையும் காண்கிறோம். துறவு பூணத் தாயாரின் இசைவை நாடியிருந்தார். நோய் அதற்கு இடந்தரவில்லை. 1901ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் இராஜகோட்டில், தம்பி மன்சுக்பாய் முதலியோர் அருகிருக்க, அமைதியாக உடல் நீத்தார். தாயாரைப் பார்த்துக்கொள்ளுமாறு தம்பியிடம் சொல்லிவிட்டே அவர் தியானத்தில் ஆழ்ந்தார் என்பர். உயிரை நினைந்தவர் உறவின் கடமையையும் மறக்கவில்லை.

அவருடைய 150ஆம் பிறந்த ஆண்டினையொட்டி 2017ஆம் ஆண்டில் இந்திய அரசு நினைவு நாணயம் வெளியிட்டுச் சிறப்பித்தது.

நாம் கொள்ளத்தக்கவை

குசராத்தில் பிறந்த இப்பெரியாருக்கும் தமிழ்ச் சமணராகிய நமக்கும் உள்ள தொடர்பு தொலைவானதன்று. அவர் மொழிபெயர்த்த பஞ்சாஸ்திகாயத்தின் ஆசிரியராகிய குந்தகுந்தர் தவமியற்றியதாக நாம் போற்றும் இடம் பொன்னூர்மலை. அந்நூலை 1920ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவர் நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். ஒரே ஊற்றின் நீரை மேற்கிலும் தெற்கிலும் இருந்தோர் பருகியுள்ளனர்.

நம் பாட்டிமார் அருங்கலச்செப்பையும் தோத்திரங்களையும் ஏடு பாராமல் ஓதினர். இன்று தொலைபேசி எண்ணையும் பிறந்தநாளையும் கைப்பேசி நினைவில் வைத்துக்கொள்கிறது. அதனால் மனத்துக்குச் சுமை குறைந்தது உண்மையே. அவ்வாறு ஒழிந்த இடத்தில் எதனை வைத்தோம் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நூறு அவதானம் நம்மால் ஆகாது. அவர் வேண்டாமென விட்டதும் அதுவே. அவர் விடாமல் கொண்டவை நம்மால் ஆகும். கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் ஓர் அறநூலை வைக்கலாம். ஒரு வேலை முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில் அதில் ஒரு பக்கம் படிக்கலாம். இரவில் பிரதிக்கிரமணத்தின்போது அன்று எவர் மனத்தையேனும் நோகச் செய்தோமா என்று எண்ணி, மறுநாளே அவரிடம் சென்று பொறுத்தருள வேண்டலாம். பிள்ளைகளுடன் அமர்ந்து ஐந்து எண்களை வரிசை மாற்றி எழுதி, பஞ்ச பரமேட்டிகளை வணங்கப் பழகலாம். முதியோர்க்கு அவர்கள் மறந்த பாடலை எடுத்துக் கொடுக்கலாம். இவற்றுள் ஒன்றையேனும் இவ்விதழைப் படிக்கும் குடும்பங்கள் இன்றே தொடங்குமாயின், அதுவே அம்மணிவணிகர்க்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.

மறவாமை வளர்க! நல்லறம் ஓங்குக!